இருபத்திரண்டாம் பக்கத்தில் இறுதிக்கிரியை

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் காமிக்ஸ் வரைகிறேன் என்பேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். ஆனால் சோறு போடுவது வேறு வேலை. வாரத்தில் நான்கு நாள் பதுளை நகரில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து மரண அறிவித்தல்கள் செய்கிறேன். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு படம். படம் என்று குடும்பத்தார் கொண்டுவருவது பெரும்பாலும் அடையாள அட்டை. இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ கடைசி வரிசையில் தலை மட்டும் தெரிகிற ஒன்று. அந்தத் தலையை வெட்டி எடுத்துக் கணினியில் ஒரு கோட்டும் டையும் மாட்டிவிட வேண்டும். கோட்டு இல்லாமல் எந்தக் குடும்பமும் ஒத்துக்கொள்வதில்லை. வாழ்நாள் முழுக்க இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறிய எத்தனையோ பேர் ஒரே நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். என் கணினியில் அது ஒன்றுதான் இருக்கிறது.

மிச்ச மூன்று நாள் எனக்கு. பசறைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அதில் எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் நானும் என் மேசையும். மேசை என்று கௌரவத்துக்குச் சொல்கிறேன். லயத்துக் கக்கூசைப் புதிதாகக் கட்டியபோது கழற்றி எறிந்த பழைய கதவை எடுத்துவந்து, கழுவி, இரண்டு நாற்காலிகளின் மேல் படுக்கப் போட்டிருக்கிறேன். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் மைப்போத்தல் கச்சிதமாக உட்காரும். கலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த ஓட்டையைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

வரைந்து, அச்சடித்து, மடித்து, ஊசி அடித்து, பசறை பஸ் நிலையத்தில் கடலைக்காரருக்குப் பக்கத்தில் நின்று நானே விற்பேன். என் கதாநாயகன் பெயர் பனிச்சாக்கர். காலையில் மலையில் இறங்குகிற பனியை யூரியாச் சாக்கில் அமுக்கி அடைத்து வைத்திருப்பார். லயத்துக்கு ஏதாவது ஆபத்து என்றால் சாக்கின் வாயை அவிழ்ப்பார். தோட்டத்துத் துரையின் ஜீப் வழி தெரியாமல் அடுத்த தோட்டத்தில் போய் நிற்கும். அவ்வளவுதான் அவருடைய சக்தி. பறக்க மாட்டார். மூட்டுவலி உண்டு. வாசகர்கள் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மூன்றாம் புத்தகத்தில் ஒரு பெண் கொழுந்து பறிக்கிற கட்டத்தில், அவள் முற்றின இலையைப் பறிக்கிறாள் என்று சண்டைக்கு வந்தார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்திலேயே அதைப் பற்றிப் பேச்சு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த பதிப்பில் இலையைத் திருத்தினேன்.

பனிச்சாக்கருக்கு நான் கொடுத்தது என் அப்பாவின் முகத்தை. பாசத்தால் அல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தபடியே தூங்குகிற ஆள் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். அசையாத மாடல் இலவசமாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்? பெரிய காதுகள், ஒரு பக்கம் மட்டும் மேலே முறுக்கிய மீசை, தலைத்துண்டு. அவர் என் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. பேச்சுக் குமிழ்களைப் பார்த்து, முட்டை முட்டையாகப் போட்டு வைத்திருக்கிறாயே, குஞ்சு எப்போது பொரிக்கும் என்று மட்டும் கேட்பார்.

இங்கே அப்பாவின் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்தப்பா கல்யாணம் முடித்து அப்புத்தளைப் பக்கம் போனவர். ரயிலில் கூடை தூக்கி வடை விற்றார். அவர்களுடைய அம்மா இறந்தபோது, தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் இளைய மகன். எங்கள் ஆட்களிடம் அதில் மாற்றமில்லை. புதைப்பதென்றாலும் குழியருகில் கொள்ளி வைத்த பிறகுதான் மண் தள்ளுவார்கள். அன்றைக்கு மழை. வழியில் மண் சரிந்து சித்தப்பா வந்த பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் காத்திருக்கச் சொன்னார்கள். மழை பலக்கிறது, குழியில் தண்ணீர் ஏறுகிறது என்று அப்பா காத்திருக்காமல் தானே கொள்ளி வைத்துவிட்டார். சித்தப்பா சேறும் சகதியுமாக ஓடி வந்தபோது மண் மூடியாகிவிட்டது. அந்த இடத்திலேயே நின்று, இனி நீ செத்தால்கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கும் ரோஷம். அவனாக வந்து பேசாமல் நான் வாய் திறக்கமாட்டேன் என்றார். பதினொரு வருஷம் ஓடிவிட்டது. சித்தப்பா வடைக் கூடையோடு எல்ல ஸ்டேஷன் வரைக்கும் வருவார், அங்கேயே இறங்கி அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார். பதுளைப் பக்கம் தப்பித் தவறியும் வரமாட்டார். பாதி வியாபாரத்தை அந்த வைராக்கியத்துக்கே பலி கொடுத்தார்.

அப்பா அவரைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ரயிலில் போய் வந்த யாராவது வீட்டுக்கு வந்தால், வடை நன்றாக இருந்ததா என்று கேட்பார்.

நான்காம் புத்தகத்தில் பனிச்சாக்கரைச் சாகடித்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரிய விளக்கம் கொடுத்தேன். உண்மையில் யூரியாச் சாக்கின் மடிப்புகளை வரைந்து வரைந்து கை வலித்துவிட்டது. மலை உச்சியில், அளவுக்கு மீறிப் பனியை அடைத்து, சாக்கு வெடித்து ஆள் போய்விடுகிறார். வரைந்து முடித்து அழுதேன். அதுவும் உண்மைதான்.

புத்தகத்துக்கு விளம்பரம் வேண்டும். எனக்கு அச்சகத்தில் தெரிந்த ஒரே விளம்பரம் மரண அறிவித்தல். ஆகவே பனிச்சாக்கருக்கு ஒன்று செய்தேன். கறுப்புக் கரை, குத்துவிளக்கு, முட்டை வடிவத்துக்குள் நான் மையால் மயிர் மயிராக வரைந்த முகம், அதற்குக் கீழே வழக்கமான நீலக் கோட்டு. அன்னாரின் இறுதிக்கிரியைகள் நாலாம் புத்தகத்தின் இருபத்திரண்டாம் பக்கத்தில் நடைபெறும், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று எழுதினேன். புத்தகம் கிடைக்கும் இடம் என்று எங்கள் தோட்டத்தையும் லயத்தையும் போட்டேன். எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

நாங்கள் நாநா என்று கூப்பிடுகிற அச்சக முதலாளி முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“மகன், இது ஒங்கட அப்பாட மொகம். வேணாம்.”

இது கதாபாத்திரம், கீழே தெளிவாக எழுதியிருக்கிறது என்றேன். அறிவித்தலை ஒருவரும் வாசிப்பதில்லை, முகத்தையும் ஊரையும் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்றார் நாநா. நான் கலையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அவர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். சனிக்கிழமை பசறையிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளை ரயில் நிலையத்துக்கு வெளியிலும் நானே பசை தடவி ஒட்டினேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மடுல்சீமைப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஐந்து பேர் இறங்கினார்கள். என் வாசகர்கள் வேனில் வருகிற அளவுக்கு வளர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன். மூத்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எப்புடி ஆச்சு?”

“மலை உச்சியில சாக்கு வெடிச்சிருச்சுங்க.”

அவர் கொஞ்சம் திகைத்தார். நோய், வருத்தம் எதுவும் இருந்ததா என்று கேட்டார். இருபத்தோராம் பக்கம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். அவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். சவப்பெட்டியைத் தேடுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. தோட்டத் தலைவர் பெரிய ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் சாவு வீட்டு வெள்ளைக் கொடி நட்டுக்கொண்டே வந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்புக்காரர்கள் தாங்களாகவே வந்து, சருகைக் கொளுத்திப் பறையைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்து, யார் செத்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, பிளேன்டீக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனார். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியாதே.

அப்பா அப்போது மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தார். ஒன்பது மணிக்குத் தலையில் புல்லுக்கட்டோடு திரும்பியவர் தன் வீட்டு வாசலில் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்தார். கட்டை இறக்கி வைத்து, தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசியில் நின்ற ஒருவரிடம் யார் போனது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமலே, இந்த வீட்டுப் பெரியவர்தான் என்றார். அப்பா ஒரு பெருமூச்சு விட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டில் தன்னைவிடப் பெரியவர் யார் என்று ஒரு நிமிஷம் முழுக்க யோசித்ததாகப் பிறகு சொன்னார்.

அவரை முதலில் கண்டது பண்டாரவளையிலிருந்து வந்த தூரத்து அத்தை. பஸ்ஸிலிருந்தே ஒப்பாரியைத் தொடங்கிக்கொண்டு வந்தவர், எதிரில் இறந்தவரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு தொடர்ந்து பாடினார். பாதியில் நிறுத்தினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது அவர் வாதம். அப்பாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு தடவை கையை உயர்த்தித் திருத்தினார். பள்ளிக்கூடத்துக்குத் தான் சுமந்தது செங்கல், கருங்கல் அல்ல என்றார். காட்டுப் பன்றியை விரட்டியதும் தான் அல்ல, பன்றிதான் தன்னை விரட்டியது என்றார். அத்தை திருத்தங்களை ஏற்றுக்கொண்டு அதே ராகத்தில் பாடி முடித்தார்.

எல்லோரும் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அடுத்த பஸ் இரண்டு மணிக்குத்தான். ஆகவே இருந்தார்கள். வந்ததுதான் வந்தீர்கள், அடித்துவிட்டுப் போங்கள் என்று அப்பா தப்புக்காரர்களிடம் சொன்னார். அவர்களும் அடித்தார்கள். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக அப்பாவிடம் வந்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நீங்கள் போய்விட்டதாகக் கேட்டதும் மனசு கேட்கவில்லை என்றார்கள். அறுபத்தாறு வயதில் ஒரு மனிதர் தன் சாவு வீட்டில் இருந்துகொண்டு, தான் எவ்வளவு நல்லவர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கையிலிருந்த நாலாம் புத்தகங்கள் அத்தனையும் அன்றைக்கே போய்விட்டன.

பதினொரு மணிக்குச் சித்தப்பா வந்தார்.

வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பெரிய மலர்வளையம். கொடிகளின் வழியே தலையைக் குனிந்தபடி ஏறி வந்தவர் வாசலில் நின்று நிமிர்ந்தார். எதிரில் அப்பா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். தப்புச் சத்தம் நின்றது. செத்தால்கூட வரமாட்டேன் என்றவர் வந்திருக்கிறார், செத்தவர் சாகவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் கதை தெரியும்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. கண்ணில் மட்டும் வெற்றி பெற்ற களை. சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. திரும்பிப் போகக் காலெடுத்தவருக்கு, போனால் அண்ணனுக்காக வந்ததாக ஆகிவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். மடியிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். என் அறிவித்தல். சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊவா மாகாணத்திலேயே முதல் ஆளாக, அதை முழுக்க வாசித்தார்.

“நான் பனிச்சாக்கர் சாவுக்குத்தான் வந்தேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “இருபத்திரண்டாம் பக்கம் எங்க?”

எனக்கென்று வைத்திருந்த பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தேன். கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்கி இருபத்திரண்டாம் பக்கம் வரை நிதானமாகப் படித்தார். மலர்வளையத்தைப் புத்தகத்தின் முன்னால் வைத்தார். கை கூப்பினார். இவ்வளவையும் அப்பா நேராகப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இருவரும் பேசினார்கள். என் மூலமாக. பத்தடி தூரம்தான், ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் நடந்து நடந்து சொல்ல வேண்டும். அண்ணி சுகமா என்று கேள் என்றார் சித்தப்பா. சுகம் என்று சொல் என்றார் அப்பா. இப்படியே மகள் கல்யாணம், ரயில் நேரம், மாடு எல்லாம் போயிற்று. வாழ்நாள் முழுக்கப் பேச்சு முட்டை வரைந்தவன் அன்றைக்கு நானே ஒரு முட்டையாகிவிட்டேன். கடைசியில் சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்காக ஒரு மணி நேரம் நிக்க முடியாமப் போச்சான்னு ஒங்கப்பாகிட்ட கேளு.”

நான் நடக்கவில்லை. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். மழை என்று சொல் என்றார். இரண்டாவது தடவையும் மழை என்றார், மெதுவாக. சித்தப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக, தப்பு என்னுடையது என்று அப்பா சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு மணிப் பஸ்ஸுக்குச் சித்தப்பாவோடு ரோடு வரை இறங்கினேன். நாலாம் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தார். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஆளை ஏன் சாகடித்தாய், ஐந்தாம் புத்தகத்தில் எழுப்பிவிடு என்றார். செத்தவன் எழுந்து வந்தால் கதைக்கு மரியாதை இல்லை, செத்தது செத்ததுதான் என்று நான் கறாராகச் சொன்னேன். பஸ்ஸில் கால் வைத்தவர் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“இந்தக் கூத்துக்கு நான் பதில் குடுக்காம விடமாட்டேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மலர்வளையத்தை அதற்குள் மாடு பாதி தின்றுவிட்டிருந்தது.

அன்றிலிருந்து அப்பா காத்திருந்தார். பசறைக்குப் போகும்போதெல்லாம் பஸ் நிலையத்துச் சுவர்களை ஒன்று விடாமல் பார்ப்பார். ஒட்டியிருக்கிற அறிவித்தல்களை எழுத்துக்கூட்டிப் படிப்பார். என்ன பதில் கொடுப்பான் என்று தானே யோசித்துத் தானே சிரித்துக்கொள்வார். சும்மா இருக்கிற ஆள் இல்லை, சின்ன வயதிலேயே கங்காணியின் குடைக்குள் தவளை வைத்தவன் என்றார். பதினொரு வருஷமாகப் பெயரெடுக்காத தம்பியைப் பற்றி ஏழு மாதமாக ஓயாமல் பேசினார். பேசாத சண்டை போய் விளையாட்டுச் சண்டையாகிவிட்டது. முதல் ஆளாகப் போய்ப் பேசிவிடுங்களேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அவன் முறை இது, அவன் ஆடட்டும் என்றார் அப்பா.

ஏழாம் மாதம், ஒரு காலை ஆறு மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. சித்தப்பாவின் மகள். அழுதுகொண்டே சொன்னாள். நேற்று மாலை ரயிலிலிருந்து இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அப்பா போனை வாங்கிக் காதில் வைத்து, அந்தப் பிள்ளை அழுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

“வந்துட்டான்டா.”

அப்படியெல்லாம் இருக்காது என்று நான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். மாவட்டம் முழுக்கப் பொய்ச் சாவை ஒட்டியவன் நான். உண்மைச் சாவு எப்படி இருக்கும் என்று எந்த முகத்தோடு அவருக்குச் சொல்வேன்? பசறை பஸ் நிலையத்தில் அறிவித்தலும் ஒட்டியிருந்தது. இரவோடு இரவாக அடித்தது, வேறு ஏதோ அச்சகத்து வேலை. படத்தில் சித்தப்பா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார், கோட்டு இல்லை. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. சாவு அறிவித்தலில் யாராவது சிரித்த படம் போடுவானா, மாட்டிக்கொண்டான் பார் என்று அப்பா சுவரைத் தட்டினார். அம்மா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். நடிப்பு போதும் என்று அப்பா அவரையும் கிண்டல் செய்தார். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருந்தார்.

அப்புத்தளையில் இறங்கும்போது பனி. அப்பா நேராகப் போகவில்லை. கடையில் உட்கார்ந்து ரொட்டியும் டீயும் சொன்னார். அம்மா கெஞ்சினார், நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“கொஞ்ச நேரம் படுத்துக் கெடக்கட்டும். முதுகு வலிக்கட்டும்” என்றார்.

இரண்டாவது டீயும் குடித்தார். வழியில் வெள்ளைக் கொடிகளைப் பார்த்து, எனக்கு நட்டதைவிட நெருக்கமாக நட்டிருக்கிறான் என்றார். தப்புச் சத்தம் கேட்டதும், அதற்கும் ஆள் பிடித்துவிட்டான் என்று பாராட்டினார். லயத்து வாசலில் கூட்டம் எங்களைக் கண்டதும் விலகி வழி விட்டது. அந்த மரியாதையையும் அவர் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார். நேரே உள்ளே போனார். பெட்டிக்குள் சித்தப்பா படுத்திருந்தார். அப்பா குனிந்து, பதினொரு வருஷத்துக்கும் ஏழு மாதத்துக்கும் பிறகு, என் மூலமாக இல்லாமல், நேரடியாகத் தம்பியிடம் பேசினார்.

“போதும்டா. நீதான் ஜெயிச்ச. எந்திரி.”

கன்னத்தைத் தட்டினார். கையை எடுக்கவில்லை. கை அங்கேயே இருந்தது. அந்தக் குளிர் அவருக்குத் தெரிந்த நேரத்தை நான் பார்த்தேன். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, எங்கே போவது என்று அதற்குத் தெரியவில்லை.

மகள் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். எடுக்கச் சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகிவிட்டது என்றும், ஐயர் குறித்த நேரம் போய்விட்டது என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள் என்றும் சொன்னாள்.

“நாங்க எடுக்கலங்க பெரியப்பா. எப்பயும் சொல்லுவாரு. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அண்ணன் வர்ற வரைக்கும் நிக்கணும், மழை வந்தாலும் நிக்கணும்னு.”

கடையில் அப்பா குடித்த இரண்டு டீயும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் இருந்தன. பெட்டியைத் தூக்கும்போது அப்பா முன்பக்கம் தோள் கொடுத்தார், மாற்றிக்கொள்ள வந்தவர்களை விடவில்லை. மயானத்தில் மண் தள்ளும்போதுதான் அழுதார். ஏங்கி ஏங்கி, யாரும் தேற்ற முடியாதபடி அழுதார். நானும் அழுதேன். பாதி சித்தப்பாவுக்காக, பாதி என் அறிவித்தலுக்காக.

திரும்பி வரும் பஸ்ஸில் பண்டாரவளை தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பாமலே கேட்டார், அந்தச் சாக்குக்காரனை எழுப்ப முடியுமா என்று. சித்தப்பாவிடம் சொன்ன மரியாதைப் பேச்சு என் வாய் வரைக்கும் வந்தது.

“அஞ்சாம் பொஸ்தகத்துல எழுப்பி விடு” என்றார் அப்பா. “ஒருத்தனாவது எந்திரிக்கட்டும்.”

சரி என்றேன். அதுவரை வரைந்திருந்த ஐந்தாம் புத்தகத்தின் பக்கங்களை அம்மா அடுப்புக்கு எடுத்துக்கொண்டார். புதிதாகத் தொடங்கினேன். முதல் கட்டத்தில் மலை, பனி, கிழிந்த யூரியாச் சாக்கு. இரண்டாம் கட்டத்தில் சாக்கு அசைகிறது. மூன்றாம் கட்டத்தில் பனிச்சாக்கர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். முகத்தை வரைய மூன்று நாளாயிற்று. அண்ணனும் தம்பியும் ஒரே சாயல்தான், மீசையும் ஒன்றுதான். அப்பாவின் காது பெரியது. சித்தப்பாவுக்குச் சின்னக் காது, தலையோடு ஒட்டினாற்போல இருக்கும். சின்னக் காதாகவே போட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை என் மேசைக் கதவின் மேல் வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மத்தியான நேரம், ஆனால் தூங்கவில்லை. மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“காது சரியாத்தான் இருக்கு” என்றார்.